தேனீ ஏன் உயிரைக் கொடுக்கிறது? இயற்கையில் தியாகம், ஒத்துழைப்பு, மரபணு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எறும்பு, தேனீ, பரிணாமம் என்று பேச்செடுத்தாலே சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், உயிரியல் படித்து முடித்தவர்களும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதன் மேல்தான் நிற்கின்றன.

தேனீ கொட்டினா அதுவே செத்துப்போயிடுமாமே, நிஜமா? அப்படி ஒரு குணம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்?

நிஜம்தான், ஆனால் எல்லா நேரமும் இல்லை. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்நோக்கிய முட்கள் இருக்கின்றன. மனிதன், கரடி மாதிரி தடித்த தோலுள்ள விலங்கைக் கொட்டினால் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும், நச்சுப்பையும் வயிற்றின் ஒரு பகுதியும் பிய்ந்து வந்துவிடும், தேனீ இறந்துபோகும். இன்னொரு பூச்சியைக் கொட்டும்போது பெரும்பாலும் இப்படி ஆவதில்லை.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. அந்த வேலைக்காரத் தேனீ உயிரோடு இருந்தாலும் வழக்கமாகப் பிள்ளை பெறப் போவதில்லை. பிள்ளையே பெறாத உயிரின் குணம் எப்படிப் பரம்பரையாக வரும்? டார்வினை உண்மையிலேயே பயமுறுத்திய கேள்வி இது. 1859இல் வந்த தன் நூலில், மலட்டு வேலைக்காரப் பூச்சிகள் தன் கொள்கையையே கவிழ்த்துவிடுமோ என்று முதலில் தோன்றியதாக அவரே எழுதினார். இயற்கைத் தேர்வு (அதிக வாரிசு விட உதவும் குணங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது) தனி உயிர் மேல் மட்டுமல்ல, குடும்பத்தின் மேலும் நடக்கலாம் என்பது அவர் கண்ட வழி. பாதை சரிதான். ஆனால் மரபணு என்றால் என்ன என்றே தெரியாத காலத்தில் அதைக் கணக்காக்க அவருக்கு வழியில்லை.

இதுல "தியாகம்"னு சொல்றது சரியா? தேனீக்கு நல்ல மனசுன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லை. உயிரியலில் இந்தச் சொல்லுக்கு மனதோடு சம்பந்தமே கிடையாது. ஒரு செயல், செய்கிற உயிர் விட்டுச்செல்லும் வாரிசுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இன்னொரு உயிரின் எண்ணிக்கையைக் கூட்டினால் அது பிறர்நலச் செயல். அவ்வளவுதான். செய்தவருக்கும் லாபம், பெற்றவருக்கும் லாபம் என்றால் அதை வெறும் ஒத்துழைப்பு என்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தீரவே தீராது, ஏனென்றால் இரண்டாவதை விளக்குவது சுலபம், முதலாவதுதான் கடினம்.

எல்லாம் தன் இனத்தைக் காப்பாத்தத்தானே செய்யுது? இதுல என்ன புதிர்?

நான் அதிகமாகக் கேட்கும் பதில் இதுதான். இயற்கை பற்றிய வீடியோக்களில் பின்னணிக் குரலும் இதையே சொல்கிறது. தவறு என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இனத்தின் நன்மைக்காக" என்ற விளக்கத்தை 1962இல் விலங்கியலாளர் வின்-எட்வர்ட்ஸ் பெரிய நூலாகவே எழுதினார். பறவைகள் உணவுக்கு ஏற்றபடி தாங்களே கூட்டத்துக்காகக் குறைவாக இனம் பெருக்குகின்றன என்பது அவர் வாதம். 1966இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் அதன் ஓட்டையைக் காட்டினார். எல்லோரும் கூட்டத்துக்காக அடக்கி வாசிக்கும் இடத்தில் அடக்காமல் நிறையக் குஞ்சு பொரிக்கும் ஒரு பறவை பிறந்தால் என்ன ஆகும்? சில தலைமுறைகளில் அதன் வாரிசுகளே கூட்டத்தை நிரப்பிவிடும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. 1960களில் கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் அனுமன் குரங்குகளைக் கவனித்த யுகிமாரு சுகியாமா, புதிதாக ஒரு ஆண் கூட்டத்தைக் கைப்பற்றியதும் பால்குடிக்கும் குட்டிகள் கொல்லப்படுவதைப் பதிவு செய்தார். பிறகு அபு மலையில் ஆய்வு செய்த சாரா ஹர்டி, குட்டி இறந்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வருவாள், அந்த ஆணுக்குச் சொந்தக் குட்டி சீக்கிரம் பிறக்கும் என்று விளக்கினார். இனத்துக்கு இதில் நட்டம் மட்டுமே. இனத்தைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் இப்படி ஒரு நடத்தை நிலைத்திருக்கவே கூடாது.

சரி, அப்போ சொந்தக்காரங்களுக்கு உதவுனா அதுல மரபணுவுக்கு என்ன லாபம்?

என்னிடம் இருக்கும் ஒரு மரபணு என் தம்பியிடமும் இருக்க வாய்ப்பு உண்டு, இருவருக்கும் ஒரே தாய் தகப்பன் என்பதால். "தம்பிக்கு உதவு" என்ற திசையில் என்னைத் தள்ளும் மரபணு, என் பிள்ளைகள் வழியாகப் பரவுவது போலவே தம்பியின் பிள்ளைகள் வழியாகவும் பரவலாம். இதை முழுக் கணக்காக எழுதியவர் டபிள்யூ. டி. ஹாமில்டன், 1964இல், ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளாக. அதே ஆண்டு ஜான் மேனார்ட் ஸ்மித் இதற்கு "உறவுத் தேர்வு" என்று பெயர் வைத்தார்.

கணக்கு இதுதான்: உறவளவு × பெறுபவரின் நன்மை > கொடுப்பவரின் செலவு. நன்மையும் செலவும் வாரிசு எண்ணிக்கையில். உறவளவு என்பது, ஒருவரிடம் இருக்கும் ஒரு மரபணு வடிவம் உறவின் வழியாக மற்றவரிடமும் இருக்கும் வாய்ப்பு. அது பெற்றோர் பிள்ளைக்கு இடையில் 1/2, உடன்பிறந்தவர்களுக்கு 1/2, பேரப்பிள்ளைக்கும் தாய்மாமனுக்கும் 1/4, அத்தை மகன் சித்தி மகளுக்கு 1/8. இரண்டு அண்ணன் தம்பிகளுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட உறவுகளுக்காகவோ உயிரைக் கொடுப்பேன் என்று உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்னதாக ஒரு கதை உண்டு, அந்த எண்கள் இங்கிருந்துதான் வருகின்றன. (1957இல் இந்தியாவுக்கே குடிவந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்தான்.)

வயலில் இது தெரிகிறதா என்றால், தெரிகிறது. கலிஃபோர்னியாவின் டியோகா கணவாயில் பெல்டிங் தரை அணில்களைப் பால் ஷெர்மன் ஆண்டுக்கணக்கில் கவனித்து 1977இல் எழுதினார். தரை வழியே எதிரி வரும்போது எழுந்து நின்று கத்தும் அணில்மேல் எதிரியின் கண் படும், ஆபத்து கூடுதல். அப்படிக் கத்துவது பெரும்பாலும் பெண் அணில்கள், அதிலும் அம்மாவோ மகளோ அக்கா தங்கையோ பக்கத்தில் வாழும் பெண்கள். ஆண்கள் பிறந்த இடத்தை விட்டு வெளியேறி உறவில்லாதவர் நடுவில் வாழ்கின்றன, அவை அவ்வளவாகக் கத்துவதில்லை.

மனுசங்க எல்லாருக்கும் 99.9 சதவீதம் ஒரே மரபணுதானே? அப்போ 1/2, 1/4 எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?

நல்ல கேள்வி, பாடநூல்களே சரியாகச் சொல்லாமல் தாண்டிப்போகும் இடம். எந்த இரண்டு மனிதர்களின் டிஎன்ஏவையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் 99.9 சதவீதம் ஒன்றுதான். ஆனால் எல்லோரிடமும் ஒரே வடிவில் இருக்கும் மரபணுவுக்குப் போட்டியே இல்லை, அதில் தேர்வு செய்ய எதுவும் கிடையாது. வடிவங்கள் வேறுபடும் இடத்தில்தான் ஒன்று கூடும், இன்னொன்று குறையும்.

அதனால் உறவளவு என்பது மொத்த ஒற்றுமையின் அளவு கிடையாது. ஊரில் சராசரியாக எதிர்ப்படும் ஒருவரிடம் அந்த வடிவம் இருக்கும் வாய்ப்பைவிட, இந்த உறவினரிடம் எவ்வளவு கூடுதலாக இருக்கும் என்பதன் அளவு. புதிதாகத் தோன்றிய ஒரு வடிவம் எனக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் என் தங்கையிடம் அது இருக்கப் பாதி வாய்ப்பு, தெருவில் போகும் ஆளிடம் இருக்க ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. பின்னால் வரும் சாதி பற்றிய கேள்விக்கு இது வேண்டும், மறக்க வேண்டாம்.

தேனீல அக்கா தங்கச்சிக்குள்ள முக்கால் பங்கு ஒத்துமைன்னு படிச்சேன். அதனாலதான் தியாகமா?

எறும்பு, தேனீ, குளவி குடும்பத்தில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்ற முட்டை பெண்ணாகும். ஆணுக்கு ஒரு தொகுதி குரோமோசோம்தான், எனவே அவன் தன் மகள்கள் எல்லோருக்கும் அதை அப்படியே கொடுக்கிறான். விளைவாக ஒரே தகப்பனின் மகள்களுக்குள் உறவளவு 3/4, ஆனால் ஒரு பெண்ணுக்கும் அவள் பெற்ற மகளுக்கும் 1/2தான். அப்படியானால் மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்! ஹாமில்டனே இதைச் சுட்டிக்காட்டினார், அழகில் மயங்கி இதையே முழு விடையாகப் பலரும் நம்பினார்கள்.

ஆனால் முழு விடை இது கிடையாது. அக்காளுக்குத் தம்பியோடு உறவளவு 1/4தான். தங்கையும் தம்பியும் சரிபாதியாகப் பிறந்தால் சராசரி மறுபடி 1/2க்கே வந்துவிடும். அடுத்து, தேனீ ராணி ஒரு ஆணோடு நிற்பதில்லை, பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள், கூட்டில் பாதிக்குமேல் மாற்றாந்தகப்பன் மகள்கள், அதாவது தாய் ஒன்று, தகப்பன் வேறு. அவர்களுக்குள் இந்த முக்கால் கணக்குப் பொருந்தாது. கரையானுக்கு இந்த முக்கால் கணக்கே கிடையாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இரட்டைத் தொகுதிதான், ஆனாலும் அங்கே ராணி, வேலைக்காரர், போர்வீரர் எல்லாம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் மண்ணுக்குள் வாழும் மொட்டைத் துன்னெலியும் அப்படித்தான். அது ஒரு பாலூட்டி. ஒரே ராணிதான் குட்டி போடுகிறாள் என்று 1981இல் ஜெனிஃபர் ஜார்விஸ் காட்டினார்.

இப்போது வலுவாக நிற்கும் விடை வேறு. இந்த வாழ்க்கை தொடங்கிய காலத்தில் ராணி ஒரே ஆணோடு சேர்ந்தாளா என்பதுதான் முக்கியம். அப்படி என்றால் உடன்பிறப்பும் சொந்தப் பிள்ளையும் சராசரியாக ஒரே மதிப்பு, தராசு சமமாக நிற்கும், கூடி வாழ்வதில் சின்ன லாபம் இருந்தாலும் உதவும் பக்கம் சாய்ந்துவிடும். 2008இல் ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் எறும்பு, தேனீ, குளவிகளின் எட்டுத் தனித்தனிக் கிளைகளைப் பார்த்து, எட்டிலும் ஆதிநிலை ஒரே துணைதான் என்று காட்டினார்கள். பல துணை என்பது பின்னால் வந்தது, அதற்குள் வேலைக்காரர்கள் தனியாக வாழும் திறனை இழந்திருந்தார்கள்.

உறவளவு குறைவா இருந்தும் உதவுற பூச்சி இருக்கா?

இருக்கிறது, நம் வீட்டுக் கூரையோரத்திலேயே. ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற காகிதக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார். இதில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உடலில் வேறுபாடு கிடையாது, எந்த வேலைக்காரியும் தனிக் கூடு கட்டி ராணியாகலாம். ஒரே கூட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ராணிகள் மாறுவதால் வேலைக்காரி வளர்ப்பது தங்கையாகவும் இருக்கலாம், அக்காள் மகளாகவும் இருக்கலாம், இன்னும் தூரத்து உறவாகவும் இருக்கலாம். சராசரி உறவளவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆனாலும் பெரும்பாலானவை உதவிக்கொண்டே இருக்கின்றன.

ஏன்? மேலே சொன்ன கணக்கில் எல்லோரும் உறவளவையே முறைத்துப் பார்க்கிறார்கள், நன்மை செலவு என்ற மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். தனியாகக் கூடு கட்டிய குளவி, புழுக்கள் வளர்ந்து முடிவதற்குள் இறந்தால் எல்லாமே வீண். கூட்டத்தில் இருக்கும் வேலைக்காரி பாதியில் இறந்தால் அவள் ஊட்டிய புழுக்களை மற்றவர்கள் வளர்த்து ஆளாக்குவார்கள், அவள் உழைப்பு வீணாகாது. ஆயுள் குறைவான, எதிரி நிறைந்த உலகில் இந்த ஒரு வேறுபாடே தராசைச் சாய்க்கப் போதும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த வாதம் இது.

தன் சொந்தக்காரன்னு ஒரு பிராணிக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து கணக்குப் போடுமா?

போடாது. யாராலும் அடுத்தவரின் மரபணுவைப் பார்க்க முடியாது, மனிதன் உட்பட. அறிகுறிகள் மட்டுமே உண்டு. "உன் கூட்டில் இருப்பது உன் குஞ்சு" என்பது ஒரு எளிய அறிகுறி. காக்கை அந்த விதியை நம்புகிறது, அதனால்தான் குயிலால் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுத் தப்ப முடிகிறது. தேனீயும் எறும்பும் கூட்டின் வாசனையை நம்புகின்றன. ஐரோப்பாவின் நீள்வால் பட்டாணிக்குருவிகள் தங்கள் கூடு அழிந்துபோனால் பெரும்பாலும் உறவினர் கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டும். யார் உறவு என்பதைக் குஞ்சாக இருந்தபோது கேட்டுப் பழகிய குரலை வைத்து அறிகின்றன.

மனிதர்களிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. சிறு வயதில் ஒரே வீட்டில் எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வளர்ந்தோம், பிறந்த குழந்தையை நம் அம்மா பராமரிப்பதை நாம் பார்த்தோமா, இந்த இரண்டும் பின்னாளில் உடன்பிறந்தவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்பதோடு பொருந்துவதாக 2007இல் லீபர்மேன், டூபி, காஸ்மிடிஸ் காட்டினார்கள். தத்துப்பிள்ளை மேல் வரும் பாசம் பொய்யில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். உடம்பு நம்புவது சேர்ந்து வளர்ந்த வாழ்க்கையை.

"தியாக மரபணு"ன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்களா இல்லையா, நேரா சொல்லுங்க.

அப்படி ஒரு ஒற்றைச் சுவிட்ச் இல்லை. தேனீயையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணியாவதற்கு ஒரு மரபணு, வேலைக்காரியாவதற்கு இன்னொன்று என்று கிடையாது. ஒரே முட்டை எதுவாகவும் ஆகலாம், புழுவுக்குக் கிடைக்கும் ஊட்டம்தான் தீர்மானிக்கிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புழுக்களில் டிஎன்ஏமேல் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறியை இடும் ஒரு நொதியின் மரபணுவை அடக்கியபோது, பெரும்பாலானவை வளர்ந்த சூலகத்தோடு ராணிகளாகவே வெளிவந்தன. அப்படியானால் பரம்பரையாக வருவது "தியாகம் செய்" என்ற கட்டளை அல்ல. "இந்தச் சூழலில் வளர்ந்தால் இப்படி ஆகு" என்ற நிபந்தனை. முதல் கேள்விக்கான விடையும் இதுதான்: ராணியும் அதே மரபணுக்களைச் சுமக்கிறாள், அவளிடம் அவை வேறு விதமாக வெளிப்படுகின்றன, அவள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இதற்கு மாறாக, கூட்டு வாழ்க்கையையே மாற்றும் மரபணுக்களும் கிடைத்திருக்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து பரவிய நெருப்பெறும்பில் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள். பல ராணிகள் உள்ள கூட்டில், இரண்டாம் வடிவைச் சுமக்கும் வேலைக்காரிகள் அந்த வடிவம் இல்லாத ராணிகளைத் தேடிக் கொல்கின்றன என்று 1998இல் கெல்லரும் ராஸும் காட்டினார்கள். உறவைப் பார்க்காமல் தன் நகலை மட்டும் அடையாளம் கண்டு ஆதரிக்கும் இந்த வகைக்குப் "பச்சைத் தாடி" என்று பெயர். பிறகு பார்த்தால் அது தனி மரபணுவாக இல்லை, சுமார் 600 மரபணுக்கள் பிரியாமல் சேர்ந்து கடத்தப்படும் குரோமோசோம் பகுதி.

அப்புறம் "அன்பு ஹார்மோன்" ஆக்சிடோசின். புல்வெளி வோல் எலிகள் துணையோடு ஒட்டி வாழ்வதற்கு அதன் ஏற்பிதான் (செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) காரணம் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. 2023இல் அந்த ஏற்பியின் மரபணுவையே நீக்கிய எலிகளும் துணை சேர்ந்தன, குட்டிகளையும் வளர்த்தன. ஒரு மரபணு, ஒரு குணம் என்று தலைப்பு வைக்கும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளையே இல்லாத கிருமிகூட ஒத்துழைக்குமா?

நன்றாகவே ஒத்துழைக்கும், சோதனைச்சாலையில் மிகச் சுத்தமாக இதைப் பார்ப்பதும் அங்கேதான். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைத் தயாரித்து வெளியே விடுகிறது. தயாரிக்கச் செலவு, ஆனால் பிடித்த இரும்பை அக்கம்பக்கத்தில் யாரும் எடுக்கலாம். தயாரிக்காத சோம்பேறி ரகமும் உண்டு. உறவுள்ளவை சேர்ந்தே வளரும்படி வைத்தால் தயாரிப்பவை வெல்கின்றன, கலந்துவிட்டால் சோம்பேறிகள் வெல்கின்றன (கிரிஃபின், வெஸ்ட், பக்லிங், 2004).

மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவும் அப்படி. உணவு தீர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, ஐந்தில் ஒரு பங்கு செல்கள் செத்துத் தண்டாகின்றன, மீதி அதன் உச்சியில் வித்துகளாகித் தப்புகின்றன. தண்டாவதைத் தவிர்க்கும் ஏமாற்று ரகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று தனியாக விட்டால் ஒழுங்காக வித்து உண்டாக்க முடியாமல் திணறுகிறது, ஏமாற அடுத்தவர் தேவை.

சொந்தமே இல்லாதவங்களுக்கு உதவுறதை எப்படி விளக்குவீங்க?

1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் கொடுத்த விடை, கைமாற்று. இன்று நான், நாளை நீ. இது நடக்க மூன்று விஷயம் வேண்டும்: மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும், ஆளை அடையாளம் தெரிய வேண்டும், திருப்பித் தராதவரைக் கழற்றிவிடத் தெரிய வேண்டும். ரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் செத்துவிடும், பசியோடு திரும்பியதற்கு வயிறு நிறைந்தது ரத்தத்தைக் கக்கி ஊட்டும். கோஸ்டா ரிகாவில் ஜெரால்ட் வில்கின்சன் இதை 1984இல் பதிவு செய்தார். பிறகு ஜெரால்ட் கார்ட்டரோடு சேர்ந்து 2013இல் செய்த சோதனையில், யார் யாருக்கு ஊட்டும் என்பதை உறவைவிட, முன்பு யார் தனக்கு ஊட்டியது என்பதே நன்றாகக் கணித்தது. முன்பின் தெரியாத வௌவால்கள் எடுத்தவுடன் ரத்தம் தருவதில்லை. முதலில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும், நம்பிக்கை வந்தபின்தான் ஊட்டல்.

வேற வேற இனம் சேர்ந்து வாழுறதுக்கு உறவளவே பூஜ்யமாச்சே?

ஆமாம், அங்கே உறவுத் தேர்வு வேலை செய்யாது. இரு பக்கமும் லாபம் வேண்டும், லாபம் தராதவரைத் தண்டிக்க வழியும் வேண்டும். சோயா வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. 2003இல் கீர்ஸ் குழுவினர் சில முடிச்சுகளைச் சுற்றிய காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பினார்கள். பாவம், அந்த ரைசோபியம் விரும்பினாலும் வேலை செய்ய முடியாது. செடி அந்த முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது, உள்ளே பாக்டீரியாக்களின் பெருக்கம் கிட்டத்தட்டப் பாதியாகியது. மூளை இல்லாத ஒரு செடி வேலைக்குத் தக்க கூலி கொடுக்கிறது!

ஏமாத்துறவன்தான் கடைசியில ஜெயிப்பான்னு தோணுதே?

தடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஜெயிப்பான். தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ வேலைக்காரிகள் ஆணோடு சேராமலேயே பெண் முட்டை இடும். 1990 வாக்கில் தேனீ வளர்ப்பவர்கள் அவற்றை வடக்கே கொண்டுபோனபோது, ஒரே ஒரு வேலைக்காரியின் நகல் வம்சம் அங்குள்ள வேறு ரகத் தேனீக் கூடுகளுக்குள் புகுந்து, வேலை செய்யாமல் முட்டை மட்டும் இட்டு, கூடு கூடாக அழித்தது.

சாதாரணத் தேனீக் கூட்டில் இதற்குக் காவல் உண்டு. வேலைக்காரி ஆண் முட்டை இட்டால் மற்ற வேலைக்காரிகளே அதைத் தின்றுவிடும், 1989இல் ராட்னிக்ஸும் விஷரும் காட்டியது இது. ஏன் என்று மேலே சொன்ன உறவளவிலேயே கணக்குப் போடலாம். ராணியின் மகனோடு வேலைக்காரிக்கு உறவளவு 1/4, மாற்றாந்தகப்பன் மகளின் மகனோடு 1/8தான். ராணி பல ஆணோடு சேர்ந்திருப்பதால் கூட்டில் பெரும்பாலானோர் அப்படிப்பட்டவர்கள், ஆகவே ஒருவர் முட்டையை மற்றவர் விடுவதில்லை. வேலைக்காரிக்குப் பிறந்து தப்பும் ஆண்கள் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான்.

நம் உடம்பும் இப்படி ஒரு கூட்டணியே. பல லட்சம் கோடி செல்கள், எல்லாம் ஒரே முட்டையிலிருந்து வந்த நகல்கள், உறவளவு முழுசாக 1. அதனால்தான் ஈரல் செல்லும் தோல் செல்லும் தாங்கள் அடுத்த தலைமுறைக்குப் போகாமலேயே உழைக்கின்றன. அந்த ஒழுங்கை மீறித் தனக்காகப் பெருகும் செல்தான் புற்றுநோய்.

உறவு நெருங்க நெருங்கச் சண்டையே இருக்காதுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. அத்திக்காய்க்குள் வாழும் சில குளவி இனங்களில் ஆண்கள் இறக்கையில்லாமல் உள்ளேயே பிறந்து, உள்ளேயே சேர்ந்து, உள்ளேயே சாகும். அண்ணன் தம்பிகள் என்றாலும் பெண்களுக்காகத் தலை துண்டாகும் அளவுக்குச் சண்டை. 2001இல் வெஸ்ட் குழுவினர் பல இனங்களை ஒப்பிட்டபோது சண்டையின் கடுமைக்கும் உறவளவுக்கும் தொடர்பே தெரியவில்லை. காரணம், அந்தக் காய்க்குள் போட்டியாளன் யார்? அதே சகோதரன்தான். ஒரு தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் நட்டம் இன்னொரு தம்பிக்கு. ஹாமில்டன் கணக்கில் நன்மை யாருடைய செலவில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழுத் தேர்வுன்னு திரும்ப வந்துருச்சாமே? ஹாமில்டன் தப்புன்னு ஒரு கட்டுரை வந்துச்சே?

குழுத் தேர்வு என்றால் தனி உயிர்களுக்குள் மட்டுமல்லாமல், குழுக்களுக்கு இடையிலும் தேர்வு நடக்கிறது என்ற கருத்து. 2010இல் நோவாக், டார்னிடா, வில்சன் மூவரும் உறவுத் தேர்வுக் கணக்கே தேவையில்லை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே 130க்கும் மேற்பட்ட உயிரியலாளர்கள் கையெழுத்திட்டு மறுத்தார்கள். சத்தம் பெரிதாக இருந்தது. என் பார்வையில் இதில் பெரும்பகுதி கணக்கை எப்படிப் பிரித்து எழுதுவது என்ற சண்டை. ஒரு குணம் தேர்வால் தலைமுறைக்குத் தலைமுறை எவ்வளவு மாறும் என்று ஜார்ஜ் பிரைஸ் 1970இல் எழுதிய சமன்பாட்டைக் கொண்டு, குழுக்களுக்கு இடையிலான தேர்வு, குழுவுக்குள் நடக்கும் தேர்வு என்று பிரித்து எழுத முடியும் என்பதை 1975இல் ஹாமில்டனே காட்டிவிட்டார். குழுவுக்குள் உறவினர் சேர்ந்திருந்தால்தான் குழுக்களுக்கு இடையே போதுமான வேறுபாடு வரும், அங்கே இரண்டு மொழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. இது மூன்றாம் கேள்வியில் தள்ளிய "இனத்தின் நன்மை" வாதம் திரும்பி வந்தது என்று பொருளாகாது.

மனுசங்களோட நல்ல குணமும் பரம்பரையா?

கொஞ்சம். இரட்டையர்களை வைத்து ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வு 2008இல் வந்தது. முன்பின் தெரியாதவரை நம்பிப் பணம் கொடுக்கும் விளையாட்டில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 10 முதல் 20 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு சேர்ந்தது என்று செசாரினி குழு கணித்தது. மீதி வளர்ப்பு, அனுபவம், அன்றைய சூழல். அந்தச் சதவீதம்கூட ஒரு கூட்டத்துக்குள் காணும் வேறுபாட்டைப் பற்றியது. உங்கள் நல்ல குணத்தில் ஐந்தில் ஒரு பங்கு மரபணு என்று அதைப் படிக்கக் கூடாது.

அப்போ சொந்த சாதிக்காரனுக்கு மட்டும் உதவுறது இயற்கைதானே? அதுவும் உறவுத் தேர்வுதானே?

இல்லை. இதைக் கேட்பவர்களுக்கு நான் பொறுமையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வது வழக்கம், ஏனென்றால் அறிவியலின் பெயரால் இதைச் சொல்பவர்கள் கணக்கைப் போடுவதே இல்லை. உறவளவு தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகச் சரியும். அத்தை மகனுக்கு 1/8, அவர்கள் பிள்ளைகளுக்குள் 1/32, அடுத்ததில் 1/128. சொந்தத்துக்குள்ளேயே திருமணம் நடந்தால் இந்த எண்கள் சற்று ஏறும், உண்மைதான், ஆனால் லட்சக்கணக்கான பேர் கொண்ட ஒரு சாதிக்குள் முகம் தெரியாத இருவரை உடன்பிறப்பு அளவுக்கு அது கொண்டுபோகாது. மனித மரபணு வேறுபாட்டில் பெரும்பகுதி எந்தக் குழுவை எடுத்தாலும் அந்தக் குழுவுக்குள்ளேயே கிடக்கிறது.

இன்னொன்று, அறிகுறி பற்றிய கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். சேர்ந்து வளர்வதும், ஒரே தாயின் மடியும் உடம்புக்குத் தெரியும் அறிகுறிகள். சாதி வாயால் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். சொல்லிக் கொடுக்காமல் இரண்டு குழந்தைகளை ஒரே முற்றத்தில் வளர்த்தால் அவர்கள் உடன்பிறந்தவர் போல்தான் ஒட்டுவார்கள். அப்புறம், ஒன்று இயற்கையில் இருக்கிறது என்பதால் சரியாகிவிடாது. அனுமன் குரங்கு செய்வதும் இயற்கைதான்.

அப்படின்னா எங்கம்மா என்மேல வச்சிருக்கிற பாசமே மரபணுவோட சுயநலமா?

இரண்டு வேறு கேள்விகள் இங்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பாசம் என்ற உணர்வு உயிரினங்களில் ஏன் பரவியது என்பது ஒன்று. உங்கள் அம்மா ஏன் ராத்திரி முழுக்கக் கண்விழித்தார் என்பது வேறு. முதலாவதுக்கு விடை மேலே இருக்கும் கணக்கு. இரண்டாவதுக்கு விடை, உங்களுக்குக் காய்ச்சல், அவருக்கு உங்கள்மேல் பாசம். அந்தப் பாசம் கணக்குப் போடுவதில்லை, போட்டிருந்தால் அது வேலையே செய்திருக்காது. மரபணுவுக்கு எண்ணம் கிடையாது, சுயநலம் என்பது அதற்குப் பொருந்துகிற சொல்லும் கிடையாது, சுருக்கமாகப் பேசுவதற்காக வந்த உருவகம். எப்படித் தோன்றியது என்று தெரிந்தால் பாசம் பொய்யாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

இதையெல்லாம் நேர்ல பார்க்க வழி இருக்கா, லேப் இல்லாம?

நிறைய. தவிட்டுக்குருவிகள் காலையில் மைதானத்தில் கூட்டமாகத் தத்தும்போது ஒன்று மட்டும் காவலுக்கு மேலே கிளையில் நிற்கிறதா பாருங்கள். கூடு கட்டும் காலத்தில் பெற்றோர் அல்லாத பெரிய குருவிகளும் குஞ்சுக்கு இரை கொண்டுவரும். சில கூடுகளில் சுடலைக்குயிலின் குஞ்சுக்கும் மொத்தக் கூட்டமும் ஊட்டிக்கொண்டிருக்கும். மாமரத்தில் முசுறு எறும்புகள் இலை தைக்கும்போது, பட்டுநூல் வருவது அவை வாயில் பிடித்திருக்கும் சொந்தப் புழுக்களிடமிருந்து. அந்தப் புழுக்கள் தங்களுக்குக் கூடு கட்டவேண்டிய நூலை வீட்டுக்குக் கொடுக்கின்றன.

காகிதக் குளவிக் கூட்டைப் பார்க்க விரும்பினால் கொஞ்சம் தள்ளி நின்று, கூட்டை ஆட்டாமல், இருநோக்கி (பைனாகுலர்) வைத்துப் பாருங்கள். மூர்க்கமாக மற்றவரை மிரட்டுவதுதான் ராணி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், மார்ஜினாட்டாவில் ராணி ரொம்பச் சாது. அறைக்குள் வயிற்றை நுழைத்து முட்டை வைப்பது யார் என்று பார்த்தால்தான் தெரியும். அந்த ராணி மறைந்தால் வேலைக்காரிகளில் ஒன்று உடனே ஆவேசமாகி, மற்றவை எதிர்க்காமல் ஒதுங்க, சுமார் ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அடுத்து யார் என்பது குளவிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது போலும். பார்க்கும் நமக்கு மட்டும், ராணி இருக்கும்வரை அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.